சாவி யார் கையில்?

ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதைக் குறித்து நம்மிடையே இருவகைப் பேச்சு வழங்கி வருகிறது. "நான்கு சுவரும் ஒரு கூரையும் போதாதா? அழகு எதற்கு?" என்பது ஒன்று. "கல்லூரிப் பிள்ளைகள் சிற்றூருக்குச் சென்று தங்கள் கையாலேயே வீடு கட்டித் தந்தார்களாமே, எத்துணைப் பெரிய தொண்டு!" என்று புகைப்படத்தைப் பார்த்து மனம் உருகுவது மற்றொன்று. முன்னதில் உள்ள கஞ்சத்தனத்தை எளிதில் கண்டுகொள்கிறோம். பின்னதிலும் ஒரு குறை ஒளிந்திருப்பதை நாம் கவனிப்பதில்லை. இரண்டிலுமே பேசுகிறவர் கொடுப்பவர்தாம். பெறுகிறவர் வாய் திறப்பதே இல்லை.

இக்கட்டுரை அந்த இரண்டு பேச்சுக்கும் எதிரானது. ஒரு வீட்டுத் திட்டத்தை அளக்கும் கோல் அதன் மலிவும் அன்று. கட்டியவரின் நல்லெண்ணமும் அன்று. கட்டியவர்கள் ஊரை விட்டுப் போன பிறகு அங்கே வாழ்கிறவருக்கு என்ன உரிமை எஞ்சுகிறது என்பதே அளவுகோல். அதை விளக்க, கட்டடக் கலை மாணவர்கள் கிராம மக்களோடு சேர்ந்து வீடு கட்டும் முயற்சிகளில் உலகில் பெரிதும் அறியப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் அலபாமா மாநிலத்தில், ஆபர்ன் பல்கலைக்கழகம் நடத்திவரும் 'ரூரல் ஸ்டூடியோ' என்னும் பயிலகமே அது. புகழப்பட வேண்டிய முயற்சிதான். ஆனால் அதைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் தவறான காரணத்துக்காகப் புகழ்கிறார்கள் என்பதே என் வழக்கு.

புகழ் பெற்ற வறுமை

அலபாமாவின் மேற்குப் பகுதியில் உள்ளது ஹேல் மாவட்டம். அது அடங்கிய நிலப்பரப்பை அங்கே கரிசல் பட்டை என்றே அழைக்கிறார்கள். அந்தக் கறுப்பு மண்ணில் அடிமைகளின் உழைப்பால் பருத்தி விளைந்தது. அடிமை முறை ஒழிந்த பின்னரும் குத்தகை என்ற பெயரில் அதே உழைப்பு தொடர்ந்தது. பருத்தி போன பிறகு வறுமை மட்டும் தங்கிவிட்டது. இன்று அம்மாவட்ட மக்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர்.

அந்த ஊரின் வறுமை உலகுக்குத் தெரியாத ஒன்றன்று. 1936ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளரும் வாக்கர் எவன்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும் அங்கே வந்து, வெள்ளையினக் குத்தகை உழவர் குடும்பங்கள் மூன்றோடு தங்கி, அவர்களது வாழ்வை எழுத்திலும் படத்திலும் பதிவு செய்தார்கள். 1941இல் அது நூலாக வெளிவந்தது. காலப்போக்கில் அந்நூல் அமெரிக்க இலக்கியத்தின் பெருமைகளுள் ஒன்றாயிற்று. அந்தப் படங்கள் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றன. படத்தில் இருந்தவர்களோ அதே மண்ணில், அதே பலகை வீடுகளில் வாழ்வைத் தொடர்ந்தார்கள். தங்கள் வீட்டாரின் வறுமை இப்படி ஊரறியக் காட்டப்பட்டதே என்று அக்குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் பின்னாளில் கசந்து பேசியதும் உண்டு.

இதை முதலில் நினைவூட்டக் காரணம் இருக்கிறது. ஏழையைப் படம் பிடிப்பதற்கும் ஏழைக்குத் துணை நிற்பதற்கும் உள்ள தூரத்தை அந்த மாவட்டம் போல் அனுபவித்து அறிந்த இடம் அரிது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு மாணவர்கள் அங்கே வந்தபோது, அவர்கள்முன் இருந்த கேள்வியும் இதுவே: நாங்களும் பார்த்துவிட்டுப் போகிறவர்களா, அல்லது தங்குகிறவர்களா?

ஒரு கன்னியர் காட்டிய வழி

இந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் இருப்பது நம் வாசகர்களுள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். மிசிசிப்பி மாநிலத்தின் மாடிசன் மாவட்டத்தில், குடியிருக்கத் தகாதவை என்று கழிக்கப்பட்ட வீடுகளை வேறு இடத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சீர்படுத்தி, ஏழைக் குடும்பங்களைக் குடியேற்றும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். 1982ஆம் ஆண்டு அவருக்கு உதவ வந்தார் சாமுவேல் மாக்பீ என்ற கட்டடக் கலைஞர். செல்வர்களுக்கு வீடு வரைந்து பெயர் பெற்றுவந்தவர் அவர். அந்தப் பணி அவரது கண்ணைத் திறந்தது. நன்கொடையாக வந்த பொருள்களையும், பழைய கட்டடங்களிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களையும், தன்னார்வலர் உழைப்பையும் கொண்டு ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு அவர் கட்டிய முதல் வீட்டுக்கு ஆன செலவு 7,000 டாலர்.

1993இல் மாக்பீயும், ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் அவரது தோழராக விளங்கிய டி.கே. ரூத் என்ற பேராசிரியரும் ரூரல் ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். ஏற்பாடு எளிமையானது. கட்டடக் கலை மாணவர்கள் பல்கலைக்கழக நகரத்தை விட்டு, பல மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஹேல் மாவட்டத்துக்கு வந்து தங்க வேண்டும். அங்கே வாழ்கிற ஒரு குடும்பத்தை அறிந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, வரைந்து, பின் தாங்களே மண் வெட்டி, மரம் அறுத்து, சுவர் எழுப்ப வேண்டும். யாருக்கு வீடு தேவை என்பதைத் தொடக்கக் காலத்தில் மாவட்டத்தின் சமூக நலத் துறையே சுட்டிக்காட்டியது. வீட்டுக்கு அக்குடும்பம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இறுதியாண்டு மாணவர்கள் பட்டம் பெற்ற பின்னும் ஊரிலேயே தங்கி, தொடங்கிய கட்டடத்தை முடித்துவிட்டுப் போவது அங்கே வழக்கமாயிற்று.

முதல் வீடு 1994இல், மேசன்ஸ் பெண்ட் என்ற குக்கிராமத்தில், ஒழுகும் குடிசையில் பேரப்பிள்ளைகளை வளர்த்துவந்த முதிய தம்பதியர்க்காகக் கட்டி முடிக்கப்பட்டது. வைக்கோல் கட்டுகளை அடுக்கி மேலே சிமெண்டுப் பூச்சுப் பூசிய தடித்த சுவர்கள். குளிரும் வெயிலும் எளிதில் உள்ளே வாரா. முன்புறம் அகன்ற திண்ணை. பின்புறம் பேரப்பிள்ளைகள் படுக்க வளைந்த சிற்றறைகள் மூன்று. மீனைப் புகையில் வாட்டி வைப்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சிறு அறை. உடைந்த காங்கிரீட் துண்டுகளையும் பல நிறக் கண்ணாடிப் புட்டிகளையும் வைத்து மாணவர் ஒருவர் அதைக் கட்டினார். அதற்கான செலவு 140 டாலர்.

இதன் பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன வியப்பூட்டும் கட்டடங்கள். 1995இல் ஏறத்தாழ ஆயிரம் பழைய டயர்களில் மண்ணை அடைத்து அடுக்கி, மூன்று மாணவர்கள் ஒரு சிற்றாலயம் எழுப்பினார்கள். 2000இல் மேசன்ஸ் பெண்டில் ஒரு சமூகக் கூடம்: இடித்துக் கெட்டித்த மண்சுவர், அதன்மேல், சிகாகோவின் பழைய வண்டிக் கிடங்கில் 120 டாலருக்கு வாங்கிய 80 கார் முன்கண்ணாடிகள், மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டன. 2002இல் கட்டிய ஒரு வீட்டின் சுவர், 72,000 பழைய தரைவிரிப்புத் துண்டுகளை அடுக்கி அழுத்தியது. இதழ்கள் படம் வெளியிட்டன. 2000இல் மாக்பீக்கு மக்ஆர்தர் நிதிக்கொடை கிடைத்தது. 2001 டிசம்பரில் அவர் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். 2004இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தன் தங்கப் பதக்கத்தை மறைந்த அவருக்கு அளித்தது.

இரண்டு குற்றச்சாட்டுகள்

இந்த முயற்சிமீது இரண்டு குற்றச்சாட்டுகள் சொல்லப்படுகின்றன. இரண்டையும் நேர்மையோடு ஆராய வேண்டும்.

"ஏழைக்குக் குப்பையிலா வீடு கட்டுவது?" என்பது முதலாவது. செல்வர் வீட்டில் டயரும் பழைய விரிப்பும் சுவராகுமா என்று கேட்கிறார்கள். இக்கேள்வியில் நியாயம் பாதிதான் இருக்கிறது. பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது எத்தகைய கவனத்தோடு கையாளப்பட்டது என்பதே மதிப்பைத் தருகிறது. மாக்பீ தம் மாணவர்களிடம் வற்புறுத்தியது, வீடு நனையாமலும் குளிராமலும் இருந்தால் மட்டும் போதாது, அதில் வாழ்கிறவருக்குப் பெருமிதம் தருவதாகவும் இருக்க வேண்டும் என்பதையே. "அழகு எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில். அழகு செல்வரின் தனியுரிமை என்று எந்த மறையும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மாலைக் காற்று வாங்க ஏழைக்கு உரிமை இல்லையா? பேரக் குழந்தைக்குத் தனக்கென ஒரு மூலை வேண்டாமா? ஏழையின் தேவையை அரிசி, துணி, கூரை என்று எண்ணி முடித்துவிடுகிறவர், அவர் மனிதர் என்பதையே மறந்துவிடுகிறார்.

"மாணவர்கள் ஏழைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள்" என்பது இரண்டாவது. இது வலிமையான குற்றச்சாட்டு. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மாணவர்களுள் பெரும்பாலோர் வசதியான வெள்ளையினக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வீடு பெற்றவர்களுள் பெரும்பாலோர் வறிய கறுப்பினத்தவர். மாணவருக்கு அது தேர்வு. மதிப்பெண் பெற்றுப் போய்விடலாம். வாழ்கிறவருக்கோ அது வாழ்நாள். கூரை ஒழுகினால் ஒழுகுவது அவர் தலையில்.

இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியும் உண்டு. 80 கார்க் கண்ணாடிகளால் ஆன கூடத்தைக் கண்டு, "எங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும்" என்று பக்கத்துக் கிராமத்தார் கேட்டால் யார் கட்டுவார்? 72,000 விரிப்புத் துண்டுகளை மறுபடியும் யார் கொடுப்பார்? சுவரில் பழுது நேர்ந்தால் உள்ளூர்க் கொத்தனாருக்கு அதைச் சீர்செய்யத் தெரியுமா? ஒரு முறை மட்டுமே நிகழக்கூடிய வீடு ஒரு குடும்பத்துக்கு அருங்கொடை. அதன் அண்டை வீட்டாருக்கு அது ஒரு காட்சி மட்டுமே. புகைப்படத்தைப் பார்த்து உருகுகிறவர்கள் இந்த அண்டை வீட்டாரை எண்ணிப் பார்ப்பதில்லை.

20,000 டாலர் என்னும் கேள்வி

ரூரல் ஸ்டூடியோவின் உண்மையான பெருமை இங்கேதான் தொடங்குகிறது. இதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். மாக்பீக்குப் பின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஃபிரியரின் காலத்தில், 2005இல், அவர்கள் தங்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டார்கள். "இந்தக் குடும்பத்துக்கு எத்தகைய அற்புதத்தைக் கட்டித் தரலாம்?" என்று கேட்பதை விடுத்து, "இந்த மாவட்டத்தில் ஓர் ஏழை தானே வாங்கக்கூடிய நல்ல வீடு எது?" என்று கேட்டார்கள்.

கணக்கை ஏழையின் பையிலிருந்து தொடங்கினார்கள். அரசு தரும் முதியோர் உதவித்தொகை ஒன்றை மட்டும் நம்பி வாழ்கிற ஒருவரால் வீட்டுக்கடனுக்கு மாதம் எவ்வளவு கட்ட இயலும்? ஏறத்தாழ 100 டாலர். அப்படியானால் வீட்டின் மொத்த விலை 20,000 டாலருக்குமேல் போகக்கூடாது. அதில் ஏறத்தாழ 12,000 பொருளுக்கு. மீதி 8,000 உள்ளூர் ஒப்பந்தக்காரரின் கூலிக்கும் ஆதாயத்துக்கும். மூன்றே வாரத்தில் கட்டி முடிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். டயரும் இல்லை, கார்க் கண்ணாடியும் இல்லை; எந்த மரக்கடையிலும் கிடைக்கும் மரமும், தகரக் கூரையும், தச்சருக்குப் பழகிய வேலையுமே. ஆயினும் உயர்ந்த கூரை, காற்றோட்டம், முன்திண்ணை ஆகிய எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆண்டுதோறும் மாணவர் குழு ஒன்று முந்தைய வீட்டின் குறையைக் கண்டு, அடுத்த வீட்டைத் திருத்தி வரைந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் குடியேறியவரின் பெயரையே வைத்தார்கள்.

இந்த வீட்டுக்குப் போட்டி எது தெரியுமா? தொழிற்சாலையில் செய்து லாரியில் இழுத்து வந்து நிறுத்தும் டிரெய்லர் வீடு. அமெரிக்கக் கிராமத்து ஏழைக்குப் பெரும்பாலும் கிட்டுவது அதுதான். அது வாங்கிய நாளிலிருந்தே கார்போல் விலை இறங்கிக்கொண்டு போகும். கடன் தீரும்போது கையில் எஞ்சுவது சிறிது. தன் பிள்ளைக்கு விட்டுச்செல்ல ஏழைக்கு எதுவும் இராது. மாணவர்கள் இப்போது எதிர்த்து நின்றது வெறும் அழகின்மையை அன்று. ஏழையின் உழைப்பைச் சேமிப்பாக மாறவிடாத ஓர் ஏற்பாட்டை.

அப்போதுதான் அவர்கள் எதிர்பாராத சுவர்களில் முட்டிக்கொண்டார்கள். வீட்டை 20,000 டாலருக்குக் கட்டிவிடலாம். ஆனால் 20,000 டாலர் கடன் கொடுக்க வங்கிகளுக்கு மனமில்லை. சிறு கடனுக்கும் பெருங்கடனுக்கும் எழுத்து வேலை ஒன்றே. ஆதாயமோ சிறு கடனில் மிகக் குறைவு. கட்டட விதிகளும் அதிகாரிகளும் பழகிய அளவுகளையே கேட்டார்கள். 2016இல் ஜார்ஜியா மாநிலத்தில் இவ்வகை வீடுகள் இரண்டை ஒப்பந்தக்காரர் மூலம் கட்டியபோது, குறைந்த மரமும் காங்கிரீட்டும் கொண்டு நிற்கும் அடித்தளம் உறுதியானதே என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. காப்பீட்டுக் கட்டணம், மின் கட்டணம், பழுதுச் செலவு ஆகியவை சேர்ந்தால், மலிவாகக் கட்டிய வீடும் வாழ்வதற்கு விலையுயர்ந்ததாகிவிடலாம் என்பதும் தெரிந்தது.

பொருள்களின் விலை ஏறிவிட்ட பின் 20,000 என்ற எண்ணை அவர்கள் பிடித்துத் தொங்கவில்லை. கட்டும் செலவு எவ்வளவு என்பதைவிட, அதில் வாழ மாதந்தோறும் என்ன ஆகும் என்பதே முதற் கேள்வியாயிற்று. தங்கள் வரைபடங்களையும் அனுபவத்தையும் பிற ஊர்களில் வீடு கட்டும் தொண்டு அமைப்புகளுக்கு வழங்கி, வங்கி, காப்பீடு, அரசு விதி ஆகிய மூன்றோடும் வாதாடுவதைத் தங்கள் பணியின் ஒரு பகுதியாக்கிக் கொண்டார்கள்.

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏழைக்கு வீடில்லாமைக்குக் காரணம் செங்கல் இல்லாமை என்று நினைத்தோம். கையில் மரத்தோடும் சுத்தியலோடும் சென்ற இளைஞர்கள், காரணம் கடன் விதியிலும் காப்பீட்டுத் தாளிலும் இருக்கிறது என்று கண்டு வந்தார்கள். இதை வகுப்பறையில் உட்கார்ந்து கற்க முடிந்திருக்குமா? ஐயமே. மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்புவதால் விளையும் முதல் நன்மை, கிராமத்துக்குக் கிடைக்கும் வீடு என்று நான் கருதவில்லை. இருபது வயதில் ஓர் ஏழையின் மாதக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர், நாற்பது வயதில் நகரத் திட்டக் குழுவில் உட்காரும்போது அதை மறக்கமாட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் அங்கே பயின்று சென்றிருக்கிறார்கள். இருநூறுக்கு மேற்பட்ட திட்டங்கள் நிறைவேறியிருக்கின்றன.

மண்ணுக்குக் கீழேயும் பாருங்கள்

சுவர் எழுப்பிவிட்டால் வீடு முடிந்துவிட்டதா? அந்தக் கரிசல் மண் நீரை உறிஞ்சாது. செப்டிக் தொட்டியிலிருந்து வெளியேறும் கழிவு நீர் மண்ணில் இறங்காமல் முற்றத்தில் தேங்கும். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். அதே கரிசல் பட்டையிலுள்ள லௌண்டஸ் மாவட்ட மக்களிடம் கொக்கிப்புழு நோயின் தடயம் கண்டறியப்பட்ட ஆய்வு 2017இல் வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் கடும் வறுமை குறித்து விசாரிக்கும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் அலபாமாவுக்கு வந்து, திறந்த வெளியில் ஓடும் கழிவு நீரைக் கண்டு அதிர்ச்சி தெரிவித்தார். 2023இல் அமெரிக்க நீதித்துறை, லௌண்டஸ் மக்களின் குறையைப் போக்க மாநிலச் சுகாதாரத் துறையோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. 2025 ஏப்ரலில் புதிய ஆட்சி அந்த உடன்பாட்டை முடித்துவிட்டது.

நல்ல வீட்டின் திண்ணையைப் படம் பிடிக்கலாம். கழிவு நீர்க் குழாயைப் படம் பிடிப்பார் இல்லை. ஆனால் குழந்தையின் உடல்நலம் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. அதைச் சீர்செய்ய மாணவர்களின் கைவண்ணம் போதாது. பொதுப் பணமும், அதை விடாமல் கேட்கும் மக்களும் வேண்டும். தொண்டு நீதியின் இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நகர மன்றத்தின் கதவு

என் வாதத்துக்கு மிக வலிய சான்று நியூபர்ன் என்ற சிற்றூரில் இருக்கிறது. ரூரல் ஸ்டூடியோவின் தலைமையிடமே அதுதான். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவ்வூரின் மக்கள் தொகை 133, பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். மாணவர்கள் அவ்வூருக்கு ஒரு தீயணைப்பு நிலையம் கட்டினார்கள். 2011இல் அதன் பக்கத்திலேயே, சைப்பிரஸ் மரக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழகிய நகர மன்றம் ஒன்றை எழுப்பினார்கள். பின்னர் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை நூலகமாக மாற்றித் தந்தார்கள். ஊர் மக்கள் கூடிப் பேசவும் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்தவும் ஓர் இடம்: நோக்கம் மிக உயர்ந்தது.

அந்த ஊரில் அறுபது ஆண்டுகளாக மேயர் தேர்தலே நடந்ததில்லை. ஒரு மேயர் போகும்போது அடுத்தவரிடம் பதவியைக் கைமாற்றிவிட்டுப் போவார். 2020இல் பேட்ரிக் பிராக்ஸ்டன் என்ற கறுப்பினத்தவர் முறைப்படி மனுத் தாக்கல் செய்தார். வேறு எவரும் மனுச் செய்யாததால் அவரே மேயரானார். அவ்வூரின் முதல் கறுப்பின மேயர். பழைய மன்றத்தார் என்ன செய்தார்கள்? ஊருக்குத் தெரியாமல் தங்களுக்கென ஒரு தனித் தேர்தலை நடத்திப் பதவியில் நீடித்தார்கள். நகர மன்றத்தின் பூட்டு மாற்றப்பட்டது. மேயர் வெளியே நின்றார்.

அவர் 2022இல் கூட்டரசு நீதிமன்றத்தை நாடினார். 2024இல் ஏற்பட்ட சமரசத்தின்படி அவரே முறையான மேயர் என ஏற்கப்பட்டது. 2025 ஆகஸ்டில், அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவ்வூரில் முதன்முறையாக நடந்த தேர்தலில், 66 வாக்குகளுக்கு 26 என்ற கணக்கில் அவர் வென்றார்.

இதற்காக மாணவர்களைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. பூட்டை மாற்றியவர்கள் அவர்கள் அல்லர். ஆனால் இந்நிகழ்ச்சி நமக்குச் சொல்வதைக் கேட்காமல் போவதும் கூடாது. மிக நல்ல உள்ளத்தோடு, மிக அழகாக, மக்களுக்கென்றே கட்டப்பட்ட ஒரு மன்றத்தின் கதவை, அம்மக்களின் மேயருக்கே சாத்த முடிந்தது. கதவைத் திறந்தது கட்டடக் கலையன்று. உரிமை கேட்ட ஒருவரின் பிடிவாதமும், சட்டமும், இறுதியில் மக்களின் வாக்கும்.

அப்படியானால் கட்டுவது வீணா?

"அப்படியானால் எல்லாம் அரசியல்தான்; வீடு கட்டுவதை விட்டுவிட்டு வழக்குத் தொடுப்போமா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. சட்டம் திருந்தும்வரை மழை காத்திருப்பதில்லை. ஒழுகும் கூரைக்கடியில் பேரனை அணைத்துக்கொண்டிருக்கும் பாட்டிக்குத் தேவை இன்றிரவுக்கான கூரை. அந்த முதிய தம்பதியர்க்கு 1994இல் கிடைத்த வீடு பொய்யன்று. அதன் வெப்பம் மெய், அதன் திண்ணை மெய். இன்னொன்றும் உண்டு. நகர மன்றம் என்று ஒன்று இருந்ததால்தான் அதன் கதவு யாருக்குரியது என்ற கேள்வி ஊர் நடுவே வெளிப்படையாக எழுந்தது.

நான் எதிர்ப்பது கட்டுவதையன்று. கட்டியதோடு கடமை முடிந்தது என்று கைகழுவுவதை. ரூரல் ஸ்டூடியோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே ஊரில் இருக்கிறது. அதன் பழைய வீடுகளில் எது நின்றது, எது பழுதாயிற்று என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் நாள்தோறும் கடந்து போகும்போது காண்கிறார்கள். ஒழுகும் கூரைக்காரர் அவர்களை வழியில் மறித்துக் கேட்க முடியும். சோதனை என்ற குற்றச்சாட்டுக்கு உண்மையான விடை இதுதான். ஒரு கோடை விடுமுறைக்கு வந்து கட்டி, படம் எடுத்து, விமானம் ஏறிப் போகும் முயற்சிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. தங்கியதால்தான் தங்கள் முதற்கேள்வி போதாதது என்று அறிந்தார்கள். அறிந்ததால்தான் அதை மாற்றிக்கொண்டார்கள்.

இரக்கம் உள்ளவர்கள் நம்மிடையே குறைவில்லை. எந்தப் பங்கிலும் ஏழைக்கு வீடு என்றால் பை திறக்கும் கைகள் உண்டு. அக்கைகளுக்கு உரியவர்களிடம் சில கேள்விகளை வைத்து முடிக்கிறேன். வீட்டை வரையும் முன் அதில் வாழப் போகிறவரிடம் எத்தனை நாள் பேசினோம்? பட்டா யார் பெயரில் இருக்கிறது? பழுதானால் உள்ளூர்க் கொத்தனாரால் சீர்செய்ய இயலுமா? அண்டை வீட்டார் யாரிடமும் கெஞ்சாமல் இதேபோல் ஒன்றைப் பெற வழி உண்டா? கழிவு நீர் எங்கே போகிறது? திறப்பு விழாக் கல்லில் யாருடைய பெயர் இருக்கிறது: கொடுத்தவருடையதா, வாழ்கிறவருடையதா?

இவற்றுக்கு விடை சொல்ல முடியாத வீட்டை, எவ்வளவு மலிவாகக் கட்டியிருந்தாலும், எவ்வளவு அன்போடு கட்டியிருந்தாலும், நான் ஏழையின் வீடு என்று ஏற்கமாட்டேன். அது நம் வீடுதான். அதில் அவரைத் தங்க விட்டிருக்கிறோம். திறப்பு விழா நாளில் நாடாவைக் கத்தரிப்பவரைப் பார்க்கிற நம் கண்கள், மறுநாள் காலையில் சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்கப் பழகட்டும்.